ஹாஜா மொய்தீன் பீரோ ஏற்றிய திசை

குமணன்சாவடியில் குட்டி யானை வண்டி வைத்து, வீடு மாறுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றி இறக்குவது ஹாஜா மொய்தீனின் பிழைப்பு. சென்னீர்குப்பத்திலிருந்து காட்டுப்பாக்கம் வரை புதிது புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் அவர் கால் படாத படிக்கட்டு குறைவு. கட்டுகிறவர்கள் வீட்டை விற்பதற்காகக் கட்டுகிறார்கள். அதற்குள் ஒரு கட்டிலும் போக வேண்டியிருக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. அந்தக் குறையை இத்தனை வருஷமாகத் தன் தோளால் சரிக்கட்டிக்கொண்டிருந்தவர் ஹாஜா மொய்தீன். போகவே போகாது என்று எல்லோரும் கைவிட்ட சோபாவை ஒரு பார்வை பார்ப்பார், தலையைச் சரிப்பார், "கொஞ்சம் சாய்ச்சுப் புடி" என்பார். போய்விடும். இதில் அவருக்குக் கர்வம் உண்டு. கல்யாண வீட்டில் பந்தியை விட்டுவிட்டு மாடிப்படியின் வளைவைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அளவுக்குக் கர்வம்.

அப்பேர்ப்பட்ட மனிதர், பெற்ற மகளின் பீரோவோடு நாலாவது மாடியில் மாட்டிக்கொண்டார்.

மகள் ஷிபாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை முஸ்தகீம் காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கி, அம்மா லத்தீஃபாவோடு குடியிருந்தான். பையன் தங்கம். லத்தீஃபாவும் நல்ல மனுஷிதான், ஆனால் மரியாதை விஷயத்தில் நூல் பிசகக் கூடாது அவருக்கு. சீர் பீரோ நிக்காஹுக்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். காலியாக வரக் கூடாது. பெண்ணைப் பெற்றவர் தன் கையால் சாவியைத் தர வேண்டும். ஒருமுறை உள்ளே வந்த பீரோ வாசலைத் தாண்டி வெளியே போகவும் கூடாது. ஹாஜா மொய்தீனின் மனைவி ஷாகிதா இவ்வளவுக்கும் தலையாட்டி, புடவைகளை அடுக்கிப் பூட்டி அனுப்பியிருந்தார்.

பீரோ கடையிலேயே பிழை நடந்துவிட்டது. ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ ஒன்றின் முன்னால் நின்று ஷிபா தன்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவர் கிறங்கிப்போனார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சாமானை அளக்காமல் வாங்கிவிட்டார். ஊரார் பீரோவை எல்லாம் டேப் பிடித்து அளந்தவர் இப்படிச் செய்தால் யாரிடம் போய் அழுவது?

லிஃப்டில் அது நுழையவில்லை. பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றலாம் என்றால் கிரில் அடித்து வைத்திருந்தார்கள், அதை அறுக்க அசோசியேஷன் விடாது. படி வழியே ஏற்றி, நாலாவது மாடி வாசலுக்குத் திருப்பும் இடத்தில் சுவருக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே பீரோ சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. கூட வந்த லோடுமேன் இருதயராஜ், சிக்குவதற்கு முன்பே சந்தில் புகுந்து லத்தீஃபாவின் ஹாலுக்குள் போய், கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நைனா, இது போவாது. எறக்கிடலாம்" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

"எறக்கறதா? எம் பொண்ணு பீரோவையா? அதுக்கு நான் வண்டிய வித்துட்டு பூ கட்டப் போவேன்."

எதிர் ஃபிளாட்டின் கதவு திறந்தது. ஆபீஸ் பையோடு கனிமொழி நின்றாள். அவள் வாசலுக்கும் படிக்கும் நடுவில் பீரோ அடைத்துக்கொண்டிருந்தது.

"பாய், நான் ஆபீஸ் போகணும்."

"அஞ்சு நிமிசம்மா."

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்றீங்க."

"இன்னாம்மா பண்றது? ரைட்ல செவுரு, லெஃப்ட்ல கம்பி, முன்னால கதவு, பின்னால நானு. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. இன்னொரு பக்கம்னு ஒண்ணு இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

வேறு யாரிடம் இதைச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கனிமொழி கரூரிலிருந்து வந்தவள். துகள் இயற்பியல் படித்து, வெளிநாட்டில் தரைக்கு அடியில் நடக்கும் ஒரு பெரிய சோதனையின் தரவுகளோடு சில வருஷம் மல்லுக்கட்டிவிட்டு, வேலை கிடைக்காமல் இப்போது போரூரில் ஏதோ ஒரு வங்கியின் சாஃப்ட்வேரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். நீ என்ன படித்தாய் என்று அந்தக் கட்டிடத்தில் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. ஆபீஸ் பையைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இருக்கலாம் பாய்" என்றாள்.

"இன்னாது?"

"இன்னொரு பக்கம். அந்த ஜன்னல் வழியா கேபிள் ஒயர் தெரியுதா? அதுல ஒரு காக்கா உட்கார்ந்திருக்கு. காக்காவுக்கு அந்த ஒயர்ல இப்படிப் போகலாம், அப்படிப் போகலாம், அவ்வளவுதான். அதே ஒயர்ல ஒரு எறும்பு இருந்தா?"

ஹாஜா மொய்தீன் யோசித்தார். "அது ஒயரச் சுத்தியும் போவும்."

"அதான். காக்கா பார்வைக்கு அந்தச் சுத்துவழியே கிடையாது. ஆனா இருக்கு. சின்னதாச் சுருண்டு இருக்கு. அதே மாதிரி நமக்குத் தெரியாத திசைகள் ஒவ்வொரு இடத்துலயும் சுருண்டு இருக்கலாம்னு சிலர் நினைக்கிறாங்க. இந்தப் படிக்கட்டுலயும்தான்."

"நினைக்கிறாங்கன்னா? போய்ப் பாத்தாங்களா?"

"நேரா போய்ப் பார்க்க முடியாது. தரைக்கு அடியில பெரிய வளையம் போட்டு, துகள்களை எதிரெதிரா விட்டு மோத வைப்பாங்க. மோதறதுக்கு முன்னாடி எவ்வளவு சக்தி இருந்தது, மோதினப்புறம் எவ்வளவு இருக்குன்னு பார்ப்பாங்க. குறைஞ்சிருந்தா, காணாமப் போனது அந்தத் திசைக்குள்ள போயிருக்குமோன்னு சந்தேகம்."

ஹாஜா மொய்தீனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இத்தத்தானே நானும் பண்றேன்! ஏத்துன சாமான் எல்லாம் எறங்குச்சான்னு பாப்பேன். ஒரு குக்கர் கொறஞ்சாலும் இருதயராஜத்தான் புடிப்பேன்."

"நான் எடுக்கல நைனா!" என்று உள்ளேயிருந்து அலறல் வந்தது.

"உங்காண்ட கொறஞ்சுதா?"

கனிமொழியின் குரல் இறங்கியது. "குறைஞ்சதுக்கெல்லாம் தெரிஞ்ச காரணமே இருந்தது. புதுத் திசை எதுவும் இதுவரைக்கும் மாட்டலை. அப்படியே இருந்தாலும் ஒரு அணுவுக்குள்ள தேடினாலும் கிடைக்காத அளவு சின்னதா இருக்கும். பீரோ எல்லாம் போகாது பாய்."

போகாது என்ற சொல்லைக் கேட்டதும் ஹாஜா மொய்தீனுக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது. "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு, பீரோவின் பின்புறத்தில் தோளைக் கொடுத்தார்.

"இருதயராஜ், கயித்த இழு! கொஞ்சம் சாய்ச்சுப் புடி!"

"எந்தப் பக்கம் நைனா?"

"அந்தப் பக்கம் இல்லடா. அந்தப் பக்கம்!"

கையால் காட்ட அவரால் முடியவில்லை. ஆனால் தோளுக்குத் தெரிந்திருந்தது. பீரோ எங்கேயோ லேசாக வழுக்கியது. அதோடு அவரும் வழுக்கினார். ஒரு நொடி, அந்தக் கட்டிடத்தின் மூடிய வீடுகள் எல்லாம் அவருக்கு ஒரே சமயத்தில் திறந்து கிடந்தன. மூன்றாவது மாடியில் இறுக்கி மூடிய டிபன் பாக்ஸுக்குள் எலுமிச்சைச் சாதம் இருப்பது தெரிந்தது. இருதயராஜின் வயிற்றுக்குள் காலையில் தின்ற வடைகூடத் தெரிந்தது. அடுத்த நொடி லத்தீஃபாவின் ஹாலில் தொப்பென்று பீரோ இறங்க, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவரும் வந்து விழுந்தார்.

வெளியே கனிமொழி வாயைப் பிளந்தபடி காலிப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடித்த தடமோ கீறலோ எதுவும் சுவரில் இல்லை. இருதயராஜ் மட்டும் சாதாரணமாக இருந்தான். எத்தனை சோபா ஏற்றியவன், நைனா எப்படியோ கொண்டுவந்துவிடுவார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

லத்தீஃபா மகிழ்ச்சியோடு வந்தார். பீரோவின் கைப்பிடி வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பதைக் கவனித்தார், ஆனால் நல்ல நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டார். ஹாஜா மொய்தீன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி, சாவியை எடுத்து வலது கையால் நீட்டினார்.

லத்தீஃபாவின் முகம் சுருங்கியது. நீண்டிருந்தது இடது கை. எவ்வளவு பெரிய அவமரியாதை! சாவியை வாங்கி வைத்துவிட்டு, முறை தவறாமல் பால் டம்ளரை எடுத்துத் தன் வலது கையால் சம்பந்தியிடம் நீட்டினார்.

ஹாஜா மொய்தீனின் முகமும் சுருங்கியது. அவர் கண்ணுக்கு நீண்டது லத்தீஃபாவின் இடது கை. பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் பீச்சாங்கையால் பால் கொடுக்கிறார்களே என்று நெஞ்சு கொதித்தது. ஒரு வாய் வைத்தார். அதில் இனிப்பே இல்லை. சர்க்கரை போடக்கூட மனசில்லையா என்று நினைத்துக்கொண்டு, டம்ளரை வைத்துவிட்டு இறங்கினார்.

தெருவில் இறங்கினால் அவருக்கு ஊரே மாறிக் கிடந்தது. கடைப் பலகைகளில் எழுத்தெல்லாம் திரும்பி நின்றது. எந்த மடையன் இப்படி அச்சடித்தான் என்று திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார். வண்டியில் ஸ்டியரிங் இடம் மாறியிருந்தது. யாரைக் கேட்டு மாற்றினாய் என்று இருதயராஜைத் திட்டினார். வழக்கம்போல இடது பக்கமாக ஓட்டினார். அதாவது அவருடைய இடது பக்கமாக. எல்லா வண்டிகளும் எதிரே வந்தன. குமணன்சாவடி சந்திப்பில் இதை ஒருவர்கூடக் கண்டுகொள்ளவில்லை. அங்கே பாதிப் பேர் எதிர்த் திசையில்தான் வருவார்கள். இருதயராஜ் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டான்.

அன்று சாயங்காலமே ஷாகிதாவுக்கு லத்தீஃபாவிடமிருந்து போன் வந்தது. "உங்க வீட்டுக்காரர் எங்கிட்ட சாவியைப் பீச்சாங்கையால குடுத்துட்டுப் போறாரு. நாங்க என்ன அவ்வளவு கேவலமா?"

ஹாஜா மொய்தீன் போனைப் பிடுங்கினார். "நீங்க பால பீச்சாங்கையால குடுத்தீங்களே, அது இன்னா சம்மந்தி?"

"நானா? அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க!"

"அல்லாவுக்குப் பொதுவாத்தான் சொல்றேன்!"

இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதனால் சமாதானத்துக்கு வழியே இல்லாமல் போயிற்று. வெள்ளிக்கிழமையைப் பற்றி யோசித்துச் சொல்கிறோம் என்று லத்தீஃபா போனை வைத்தார். ஷிபா தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். ஹாஜா மொய்தீனின் சட்டைப் பை மாறி இருப்பதையோ, பித்தான் பெண்கள் உடுப்பில் போல எதிர்ப்பக்கம் இருப்பதையோ வீட்டில் யாரும் கவனிக்கும் நிலையில் இல்லை.

பீச்சாங்கைச் சண்டையைக் கேள்விப்பட்டு, மறுநாள் கனிமொழி பூந்தமல்லியில் இருக்கும் அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லியிருந்தாள். வந்தவள், ஒரு செய்தித்தாளை இடது பாதம் போல வெட்டித் தரையில் போட்டாள்.

"இதைத் தரையிலேயே தள்ளி, சுத்தி, என்ன வேணா செய்யுங்க. வலது பாதமா ஆக்குங்க பார்ப்போம்."

ஹாஜா மொய்தீன் தள்ளினார், சுற்றினார். ஆகவில்லை. எரிச்சலில் அதைத் தூக்கிக் கவிழ்த்துப் போட்டார். அது வலது பாதமாகிவிட்டது. மூச்சு வாங்கியபடி அதையே பார்த்தார்.

"தூக்கினீங்க இல்ல? தரையில மட்டும் வாழறவனுக்கு தூக்கறதுன்னாலே என்னன்னு தெரியாது. உங்களை யாரோ அப்படித் தூக்கிக் கவிழ்த்துப் போட்டிருக்காங்க பாய். உங்களையும் பீரோவையும். நீங்க நாலாவது திசையில திரும்பி வந்திருக்கீங்க."

"நான் திரும்பலம்மா. ஊருதான் திரும்பிகினு கீது."

கனிமொழி சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக் கண்ணாடி முன்னால் பிடித்தாள். நேரில் பார்த்துத் திணறிய எழுத்துக்களைக் கண்ணாடியில் கடகடவென்று படித்தார் ஹாஜா மொய்தீன். படித்து முடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பூந்தமல்லி திரும்பவில்லை, தாமேதான் திரும்பியிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்வது அந்த வயதில் லேசான காரியம் இல்லை.

"பால்ல சர்க்கரை இல்லையே, அது?"

"சர்க்கரைக்கும் இடது வலது உண்டு. உங்க உடம்பு மாறிட்டதால அந்தச் சர்க்கரை அதுக்குப் பழைய சர்க்கரை இல்லை. ஏன், இயற்கையில ஒரு விசை இருக்கு, அதுவே துகள்கள்ல இடது எது வலது எதுன்னு பிரிச்சுப் பார்த்துத்தான் வேலை செய்யும்."

"அப்போ லத்தீஃபாம்மா மேல தப்பில்ல. அந்த விசையே இடது வலது பாக்குதுன்னா அவங்க பாக்க மாட்டாங்களா?"

கனிமொழி நெருங்கி வந்தாள். கண்கள் பளபளத்தன. "பாய், அந்த பீரோவை வெளியே எடுத்து இன்னொரு தடவை ஏத்தணும். நான் அளக்கணும். ஒரு தடவை நடந்ததை யாரும் ஏத்துக்க மாட்டாங்க. திரும்பவும் நடந்தாத்தான் அறிவியல்."

"ஏத்துன பீரோவ எறக்கி, மறுபடி ஏறுதான்னு பாக்கணுமா? எங்க தொழில்ல அப்படிப் பண்றவன வண்டியில இருந்து எறக்கி உட்டுடுவோம்."

ஆனாலும் போனார்கள். சரியாகத் திரும்பிவிட்டால் வெள்ளிக்கிழமை நடந்துவிடுமே என்ற ஆசை அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. பீரோ வாசல் தாண்டக் கூடாது என்று லத்தீஃபா மறித்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஹாஜா மொய்தீன் மட்டும் படித் திருப்பத்தில் நின்று தன்னைத்தானே சாய்த்துப் பார்த்தார். தோளைச் சரித்தார், குனிந்தார், சுவரோரமாக ஒரு மாதிரி நெளிந்தார். கனிமொழி டேப்பும் போனும் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்… அந்தப் பக்கம்… இல்லை, அந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காய்கறிப் பையோடு ஏறி வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வாட்ச்மேன் வந்து முகர்ந்து பார்த்தான். திசை அகப்படவே இல்லை. அன்று தோளில் பாரம் இருந்தது, இன்று இல்லை என்பது மட்டும்தான் அவருக்குப் புரிந்தது.

கனிமொழி லத்தீஃபாவின் ஹாலில் உட்கார்ந்து காக்கா, எறும்பு, பாதம், துகள் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். லத்தீஃபா பொறுமையாகக் கேட்டார்.

"உன் படிப்பு பெரிசுதான் கண்ணு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. வெள்ளிக்கிழமை ஜமாத்துக்கு முன்னால எம் புள்ள கையைப் பிடிக்க அவர் எந்தக் கையை நீட்டுவாரு?"

துகள்களைப் பற்றி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லத் தயாராக இருந்த கனிமொழி இதற்கு விழித்தாள். "அவர்கிட்டதான் கேட்கணும் ஆன்ட்டி" என்றாள்.

"பார்க்கிறேன். பீச்சாங்கையை நீட்டினா எழுந்து வந்துடுவோம்" என்றார் லத்தீஃபா.

பார்க்கிறவர்களுக்கு எது வலதோ அந்தக் கையை நீட்டிவிட்டுப் போவதுதானே என்று ஷாகிதா கேட்டார். கேட்பது சுலபம். அந்தக் கை, ஹாஜா மொய்தீனுக்குப் பிறந்ததிலிருந்து இடது கை. கழுவிய கை. அந்தக் கையால் மகளை ஒப்புக்கொடுப்பதா? ஊருக்காக அதை நீட்டிவிட்டால் பிறகு எப்படித் தூங்குவது? சோறு ஊட்டிய கையால் கொடுத்தால் ஜமாத் எழுந்து போகும், மகள் வாழ்க்கை போகும். அவர் இரண்டு நாளும் தன் கைகளையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எடை போட்டாலும் இரண்டும் ஒன்றுபோலத்தான் கனத்தன.

வெள்ளிக்கிழமை வந்தது. குமணன்சாவடி மஹாலில் பிரியாணி வாசம். புதினா அவருக்குப் புதினாவாக மணக்கவில்லை. நிக்காஹ் நடத்திவைக்க ஹஜ்ரத் வந்து உட்கார்ந்தார். முஸ்தகீம் எதிரே உட்கார்ந்து வலது கையை நீட்டினான். ஹாஜா மொய்தீன் கண்ணில் அது இடது கை. அவருக்கு வியர்த்தது. பெண்கள் பக்கத் திரையின் ஓரத்தில் லத்தீஃபாவின் முகம் தெரிந்தது. அவரும் வியர்த்துக்கொண்டுதான் இருந்தார். கடைசி வரிசையில் கனிமொழி, மூச்சை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் இருதயராஜ்.

"கையைக் குடுங்க பாய்" என்றார் ஹஜ்ரத்.

ஹாஜா மொய்தீன் மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் பளுவான எதையும் அவர் ஒற்றைக் கையால் தூக்கியதில்லை. இதைவிடப் பளுவானது அவர் வாழ்க்கையில் வேறு என்ன இருக்கிறது? இரண்டு கைகளையும் நீட்டினார். முஸ்தகீமின் கையை இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் வைத்துப் பொதிந்துகொண்டார். பையன் ஒரு கணம் திகைத்து, தன் மற்றொரு கையையும் கொண்டுவந்து மேலே வைத்தான். இரண்டு கையால் கொடுப்பதில் குறை சொல்ல அந்த மஹாலில் யாருக்கும் வாய் இல்லை. "மாஷா அல்லாஹ்" என்றார் ஹஜ்ரத். திரையோரத்தில் லத்தீஃபா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹாஜா மொய்தீன் ஒப்புக்கொடுக்கும் வார்த்தைகளைத் தவறில்லாமல் சொல்லி முடித்தார்.

பந்தி முடிந்து, பெண்ணை அனுப்பும் நேரம். வாசலில் வண்டி நின்றது. ஷிபா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக அவரிடம் வந்தாள். அதுவரை அழாமல் இருந்தவள் அவரைக் கட்டிக்கொண்டாள். அவருக்கும் அடக்க முடியவில்லை.

சட்டென்று ஷிபா அசைவற்று நின்றாள். நெஞ்சின் இந்தப் பக்கம், தன் நெஞ்சுக்கு நேர் எதிரே, ஏதோ இடிப்பது அவளுக்குத் தெரிந்தது. சின்னக் குழந்தையிலிருந்து எத்தனையோ முறை கட்டிக்கொண்டிருக்கிறாள், அவர் நெஞ்சு அடிப்பது எப்போதும் எதிர்ப்பக்கம்தான் கேட்கும். இன்று அவளுடையதன் மேலேயே வந்து அடித்தது. எது அவருடையது, எது தன்னுடையது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அத்தா" என்றாள் மெதுவாக. "நிஜமாவே திரும்பிட்டீங்களா?"

"ஆமாம் கண்ணு."

வெளியே ஹாரன் அடித்தார்கள். லத்தீஃபா வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஹாரன் அடித்தவனைத் திட்டினார்.

"விடுங்க அத்தா, நேரமாச்சு" என்றாள் ஷிபா. பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான்.